கோப்புறையில் உள்ளதெல்லாம்

மின்விசிறியை நிறுத்துங்கள் என்று சொல்ல நாகமாணிக்கத்துக்கு ஒரு பிற்பகல் முழுவதும் போதவில்லை.

ஐப்பசி மாதம். மழை விட்டும் விடாமலும் இருந்தது. அவிநாசியில் அவர் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டிருந்தார்கள். கழுத்துக்குக் கீழே அசைவில்லை. நாக்கும் எழவில்லை. மூளைக்குள் இரண்டு இடங்களில் ஏற்பட்ட அடைப்பு அவருக்குக் கண்களையும் இமைகளையும், மெல்ல விழுங்குவதையும் மட்டும் விட்டுவைத்திருந்தது. ஒருமுறை மூடித் திறந்தால் ஆமாம், இரண்டு முறை என்றால் இல்லை. அன்று அவர் முகம் ஈரமாகப் பளபளப்பதைப் பார்த்த மனைவி துளசிமணி, புழுக்கத்தில் வேர்க்கிறது என்று நினைத்து விசிறியை இன்னும் வேகமாக வைத்தாள். அது கண்ணீர் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஃபர்ஸானா அதே அறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். கோவையில் ‘மறுமொழி’ என்ற பேச்சு மீட்பு நிலையத்தில் அவள் நிரல் எழுதுபவள். நாகமாணிக்கத்தின் தலைக்குள் ஒரு சில்லு பதித்திருந்தார்கள். அவர் நினைப்பதைத் திரும்பத் திரும்பக் கேட்டு அது பழகும். ஒரு நினைப்பு பிடிபட்டுவிட்டால் அதற்கென்று சின்னதாக ஒரு நிரல் கோப்பைத் தானே எழுதி, கோப்புறை ஒன்றில் போட்டுவைக்கும். தண்ணீருக்கு ஒரு கோப்பு, முதுகுவலிக்கு ஒன்று, மகள் மிருதுளாவுக்கு ஒன்று. உலகம் எவ்வளவோ மாறிவிட்டது, இதற்கு மட்டும் இன்னும் அதே பழைய ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழிதான்.

கோப்புறையில் கிடந்தால் மட்டும் ஒரு நினைப்பு ஒலிபெருக்கிக்கு வந்துவிடாது. அதன் வாசலில் ‘இண்டெக்ஸ்’ என்று ஒரு கோப்பு உண்டு. வெளியே போகலாம் என்று அனுமதித்த கோப்புகளை அதில் ஒவ்வொன்றாக எழுத வேண்டும். எக்ஸ்போர்ட் செய்வது என்பார்கள். பேச்சுப் பயிற்சியாளர் கிருபாகரன் வாரம் ஒருமுறை வந்து, புதிய கோப்புகளைத் திரையில் காட்டி, “இத வெளிய விடலாங்களாண்ணா?” என்று கேட்பார். நாகமாணிக்கம் ஒருமுறை இமை மூடினால் ஃபர்ஸானா ஒரு வரி எழுதுவாள். கோப்புறை வீங்கிக்கொண்டே போனது. இண்டெக்ஸ் நத்தையாக ஊர்ந்தது.

‘விசிறிய நிறுத்து’ என்ற நினைப்பின் கோப்பு அன்று உள்ளே விழித்துக்கொண்டு கிடந்தது. விழித்த கோப்பு திரையில் பச்சையாகத் தெரியும். ஃபர்ஸானா தற்செயலாகத்தான் அதைக் கவனித்தாள். எழுந்து போய் விசிறியை நிறுத்தினாள்.

“அக்கா, அவருக்குக் குளிருது.”

துளசிமணி நெற்றியில் அடித்துக்கொண்டாள். “ஐயோ, நடுங்கீட்டுக் கெடந்த மனுசனுக்கு மேல மேலக் காத்த வெச்சுட்டனே! கண்ணு, அதான் மெசினு கண்டுபுடிச்சுருச்சே, அப்பறம் ஏன் சொல்லல?”

“அதுக்கு ஒரு வரி எழுதணும்க்கா. இன்னும் எழுதல.”

“ஒரு வரிதானா?”

பேருந்தில் கோவை திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி ஃபர்ஸானாவைக் குடைந்தது. ஒரு வரிதானே. மறுநாள் அவள் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். கோப்புறையில் என்னென்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் அதுவே படித்து, எல்லாவற்றையும் அதுவே எக்ஸ்போர்ட் செய்துவிடும். புதிதாக ஒரு கோப்பு விழுந்தால் அதுவும் அந்த நொடியே சேர்ந்துகொள்ளும். யாரும் வந்து கேட்க வேண்டியதில்லை, யாரும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. எழுதி முடித்தபோது மேசையில் இருந்த டீ ஆறக்கூட இல்லை.

கிருபாகரன் தயங்கினார். “அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்மா.”

கேட்டார்கள். “இனிமே எல்லாமே தானா வெளிய வரும்ணா. சரிங்களா?” என்று ஃபர்ஸானா குனிந்து கேட்டாள். நாகமாணிக்கம் இமைகளை இறுக்கி ஒருமுறை மூடினார். அவ்வளவு வேகமாக அவர் எதற்கும் சரி சொன்னதில்லை.

*

படுக்கையில் விழும் முன்பு நாகமாணிக்கம் குரலை வைத்தே வாழ்ந்தவர். சொந்தமாக மைக் செட் வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் எங்கே கபடிப் போட்டி நடந்தாலும் வர்ணனை அவருடையதுதான். அந்தப் பதிவுகளைக் கொண்டுதான் நிலையத்தில் அவருடைய குரலை மீட்டிருந்தார்கள். அதனால் தண்ணீர் கேட்டாலும் ஆட்டக்களத்தில் கேட்பதுபோல்தான் கேட்டது.

“தண்ணீ! ஒரு சொம்பு தண்ணி கொண்டாங்கப்பா!” என்று கட்டிலருகே இருந்த ஒலிபெருக்கி முழங்கியபோது மிருதுளா சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். தெருவே வந்து எட்டிப் பார்த்தது. அவர் பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பக்கத்து வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பழைய ஆட்டக்காரர்களை விசாரித்தார். ஃபர்ஸானாவைக் ‘கம்ப்யூட்டர் புள்ள’ என்றார். மகளை ‘மிருதுக்குட்டி’ என்றார். நிலையத்தின் தலைமை மருத்துவர் வசுமதி நேரில் வந்து பார்த்துவிட்டு, மற்ற நோயாளிகளுக்கும் இதே ஸ்கிரிப்டைப் போடச் சொன்னார்.

துளசிமணியின் பெயரை மட்டும் அவர் சொல்லவில்லை.

இதை வேறு யாரும் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். கஞ்சிக் கிண்ணத்தோடு அருகில் வரும்போதெல்லாம் ஒலிபெருக்கியை ஒரு கணம் பார்ப்பாள். அது அமைதியாக இருக்கும். அவள் சமையலறைக்குப் போனதும் மறுபடி பேசும்.

அவளுக்கு அதற்கு ஒரு காரணம் தோன்றத்தான் செய்தது. பல வருடங்களுக்கு முன்பு அவள் அவரை விட்டுப் போனவள். அடி உதை என்று எதுவும் இல்லை. வீட்டில் அவர் ஒருவர் குரல் மட்டுமே கேட்டது, அவள் தொடங்கிய எந்த வாக்கியத்தையும் முடிக்க விட்டதில்லை. மகள் கல்லூரி விடுதிக்குப் போனதும் துளசிமணி திருப்பூருக்குப் போய் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். படிப்படியாக ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஆனாள். அவர் விழுந்துவிட்டார் என்று கேள்விப்பட்ட அன்றே வேலையை விட்டுவிட்டு வந்தாள். ஏன் வந்தாய் என்று அவர் கேட்க முடியாது. ஏன் வந்தோம் என்று அவளுக்கும் சொல்லத் தெரியாது.

*

மிருதுளாவைப் பார்க்கக் கோபியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பையனும் அவளும் ஏற்கெனவே பேசிப் பிடித்துப்போய் இருந்தார்கள். பெரியவர்கள் வந்து கைநனைத்துச் சம்பந்தத்தை உறுதி செய்வது ஒன்றுதான் பாக்கி. நாகமாணிக்கத்தை வெள்ளைச் சட்டை போட்டுத் தலையணைகளில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். “வாங்க வாங்க! உக்காருங்க! காப்பி குடிங்க!” என்று அவர் அமர்க்களமாக வரவேற்றார். பையனின் அப்பா அசந்துபோனார்.

நிச்சயத்துக்கு நாள் பார்க்கலாமா என்று பையனின் அம்மா கேட்டார். அப்போது ஒலிபெருக்கி சொன்னது.

“மிருதுக்குட்டி போயிட்டா எங்கதி என்ன? என்னையத் திருப்பிப் படுக்க வெக்க யாரு இருக்கறாங்க? இந்தக் கல்யாணம் நின்னு போனாத் தேவலை!”

அதே களைகட்டும் குரல். வெற்றிப் புள்ளியை அறிவிப்பதுபோல.

பையனின் அம்மா காப்பி டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். நாகமாணிக்கம் இமைகளை இரண்டு முறை மூடினார். மறுபடி இரண்டு முறை. மறுபடியும் மறுபடியும். இல்லை, இல்லை, இல்லை. அதைப் பார்த்த துளசிமணி ஓடிப்போய் ஒலிபெருக்கியைப் பிடுங்கினாள். பிறகு அவர் கண்களை மூடியவர் மூடியவர்தான். அவர்கள் விடைபெற்றுக் கிளம்பியபோதும் திறக்கவில்லை.

அன்றே மிருதுளா கல்யாணம் வேண்டாம் என்று பையனுக்குத் தகவல் அனுப்பிவிட்டாள்.

*

ஃபர்ஸானா மறுநாள் காலை வந்து சேர்ந்தபோது அம்மாவும் மகளும் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமல் இருந்தார்கள். நாகமாணிக்கம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி இணைப்பில்லாமல் அலமாரி மேல் இருந்தது.

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கக்கா” என்றாள் மிருதுளா. “மெசினு தப்பாச் சொல்லுச்சா? எங்கப்பா நெனைக்காததையா அது சொல்லுச்சு?”

ஃபர்ஸானா பதிவுகளை இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். தவறு என்று சொல்ல முடிந்தால் எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

“தப்பில்ல மிருது. நெனைச்சதுதான்.”

“அப்பப் பொய்யில்ல.”

“பொய்யில்ல. ஆனா அதச் சொன்னது அவர் இல்ல.”

“பின்ன யாரு சொன்னா?”

ஃபர்ஸானா தனக்குள் கேட்டுக்கொண்டாள். யார் சொன்னது? அவருடைய நினைப்பு, அவருடைய குரல், அவர் கொடுத்த சம்மதம். இதில் அவர் எங்கே இல்லை? யோசிக்க யோசிக்கக் குழம்பியது. “உனக்குக் கூட ஒரு நாளைக்கு எவ்வளவோ தோணும்ல? எங்க உம்மா மேல கோவம் வந்தா நான் என்னென்னமோ நெனைப்பேன். அதெல்லாம் வெளிய வந்தா, நான் எங்க வீட்ல ஒரு நாள் இருக்க முடியாது” என்றாள்.

துளசிமணி அப்போதுதான் வாயைத் திறந்தாள். “எங்க கம்பெனில தைச்சு முடிஞ்ச துணி நேராப் பெட்டிக்குப் போகாது கண்ணு. நடுவுல செக்கிங் டேபிள் இருக்கும். நீங்க அந்த டேபிளத் தூக்கீட்டீங்க, அப்படித்தான?”

“ஆமாக்கா. அது தாமதம்னு நெனைச்சேன்.”

கிருபாகரன் ஒவ்வொரு கோப்பாகக் காட்டிக் கேட்டதும், இவர் இமை மூடியதும் அவளுக்கு நினைவு வந்தது. அந்த ஒரு இமைப்பில்தான் அவர் இருந்திருக்கிறார். அதைத்தான் வேகத்துக்காக அவள் எடுத்துவிட்டிருக்கிறாள்.

வாசலுக்குப் போய் டாக்டர் வசுமதிக்கு போன் செய்தாள். இந்த வீட்டில் ஸ்கிரிப்டை எடுத்துவிடப் போவதாகச் சொன்னாள்.

“எடுத்துட்டா மறுபடி வாரத்துக்குப் பத்து வார்த்தைதாம்மா. அது கொடுமை இல்லையா?” என்றார் அவர். “மத்த குடும்பமெல்லாம் சந்தோஷமாத்தான இருக்காங்க?”

“அவங்க வீட்ல எல்லாம் என்ன வெளிய வந்துச்சுன்னு நமக்கு யாரு டாக்டர் சொல்லப்போறாங்க?”

டாக்டர் இறங்கி வந்தார். “வாரத்துக்கு ஒருமுறை கேக்கறதுக்குப் பதிலா, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அப்பவே அவர்கிட்டக் கேக்கற மாதிரி செய்ய முடியுமா?”

“முடியும். மெதுவாத்தான் பேசுவார்.”

“இங்க மட்டும் செஞ்சு பாரு. மத்தவங்களப் பத்தி நேர்ல பேசலாம்.”

*

அவள் திரும்பி வந்து கணினியைத் திறந்தபோது துளசிமணி பக்கத்தில் வந்து நின்றாள். மிருதுளா துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள்.

“கண்ணு, உள்ள இருக்கறது பூராமே வெளிய வந்துருச்சுன்னு சொன்னீங்கல்ல?”

“ஆமாக்கா.”

“எம்பேரு வரல.”

ஃபர்ஸானா நிமிர்ந்து பார்த்தாள்.

“எதிர்வீட்டு நாய் பேருகூடச் சொல்லீட்டாரு. என்னைப் பத்தி நல்லதுமில்ல, பொல்லாப்புமில்ல. நேத்து என்ன சொன்னாரு? திருப்பிப் படுக்க வெக்க யாரு இருக்கறாங்கன்னு. தெனமும் திருப்பறது நானு. உள்ளயே நான் இல்லையா? இல்லைனா இல்லைனு சொல்லீருங்க.”

“அப்படியெல்லாம் இருக்காதுக்கா” என்று சொல்லிக்கொண்டே ஃபர்ஸானா கோப்புறையில் தேடினாள். கோப்புகளுக்கு வெறும் எண்கள்தான் பெயர். அந்த நினைப்புக்கு அவர் மனதில் இருக்கும் பெயர் உள்ளே எழுதியிருக்கும். துளசி என்று தேடினாள். வந்தது. அதற்குக் கீழே இன்னொன்றும் வந்தது.

ஏதோ பிழை என்று நினைத்து மறுபடி தேடினாள். இரண்டு கோப்புகள். ஒன்று சில்லு பொருத்திய புதிதில் உருவானது. மற்றது அதற்கு வெகுநாள் கழித்து. இரண்டிலும் ஒரே பெயர்.

அப்போது அவளுக்குப் புரிந்தது. இந்த மொழியில் ஒரு விதி உண்டு. கல்லூரியில் படித்து, மறந்தும் போயிருந்தாள். மொத்தமாக எக்ஸ்போர்ட் செய்யும்போது ஒரே பெயரில் இரண்டு வந்தால், எது வேண்டும் என்று மொழிக்குத் தெரியாது. அதனால் இரண்டையுமே விட்டுவிடும். தவறு என்று எச்சரிக்கவும் செய்யாது. சத்தமில்லாமல் விட்டுவிடும். அந்தப் பெயரைத் தொட்டு நிற்கும் எந்த வாக்கியமும் வெளியே வராது.

சொல்வதா வேண்டாமா என்று தடுமாறினாள். துளசிமணியின் முகம் காத்திருந்தது.

“நீங்க இல்லாம இல்லக்கா. ஒரே பேருல ரெண்டு இருக்கு. அதான் ரெண்டுமே வெளிய வரல.”

“ரெண்டு துளசியா?”

“ஆமா.”

துளசிமணி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அழுவாள் என்று ஃபர்ஸானா பயந்தாள். அவள் அழவில்லை. “நான் திருப்பூர் போனதுக்கப்பறம் யாரோ வந்துருக்கறா” என்றாள். “வந்தா என்ன தப்பு? உட்டுட்டுப் போனவ நாந்தான? ஆனா யாருன்னு தெரிஞ்சே ஆகோணும். பேரும் ஒண்ணா இருந்து தொலைச்சுருக்குது பாரு!”

“அவரக் கேக்காம நாம பாக்கக் கூடாதுக்கா. நேத்து நடந்ததே அதனாலதான்.”

“கேளுங்க.”

ஃபர்ஸானா கட்டிலருகே குனிந்தாள். “அண்ணா, உங்களுக்குள்ள துளசின்னு ரெண்டு பேர் இருக்காங்க. யாருன்னு நாங்க பாக்கலாமா?”

நாகமாணிக்கம் அவளையே பார்த்தார். பிறகு ஒருமுறை இமை மூடினார். தயக்கம் எதுவும் இல்லை. இதில் என்ன இருக்கிறது என்பதுபோல மூடித் திறந்தார். துளசிமணிக்கு அதுதான் இன்னும் குழப்பமாக இருந்தது.

படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். கல்யாணப் படத்தை நீட்டியதும் முதல் கோப்பு பச்சையாக விழித்தது.

“இது நானு. இன்னொருத்தி எங்க?”

உறவுக்காரப் பெண்களைக் காட்டினார்கள். போட்டிகளில் அவரோடு மேடையில் அறிவிப்புச் செய்த ஒரு பெண்ணின் படத்தைத் துளசிமணியே தேடி எடுத்தாள். ஒன்றும் விழிக்கவில்லை. பழைய தெருக்காரர்கள், கடைக்காரி, பள்ளித்தோழி, யாரும் இல்லை. துளசிமணி படங்களை மேசைமேல் போட்டாள். “கெடக்குது போ. கஞ்சி ஆறுது” என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் தலையை ஒரு கையால் தாங்கி ஒரு கரண்டி ஊட்டினாள்.

இரண்டாவது கோப்பு பச்சையானது.

ஃபர்ஸானா திரையைத் தட்டிப் பார்த்தாள். “அக்கா, கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க.”

“எதுக்கு?”

“போங்களேன்.”

துளசிமணி சமையலறை வாசல்வரை போனாள். பச்சை மங்கியது.

“இப்ப வாங்க.”

வந்தாள். ஒளிர்ந்தது.

“இன்னொருக்காப் போங்க.”

“என்னைய வெச்சு வெளையாடறீங்களா?”

“அக்கா, ரெண்டாவதும் நீங்கதான்.”

துளசிமணி கிண்ணத்தோடு நடு அறையில் நின்றாள். அவரைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். “நானேவா? ரெண்டும் நானா?” சட்டென்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து ஃபர்ஸானா பார்த்ததில்லை. துணிக்கூடையோடு இறங்கி வந்த மிருதுளா என்னவென்று கேட்க, “உங்கப்பனுக்கு ரெண்டு பொண்டாட்டி. ரெண்டும் நாந்தானாமா!” என்று சொல்லி மறுபடி சிரித்தாள்.

முன்பு இருந்தவளையும் இப்போது இருப்பவளையும் தனித்தனியாகப் பழகியிருக்கிறார் போலிருக்கிறது என்று ஃபர்ஸானா தனக்குத் தோன்றியதைச் சொன்னாள். கல்யாண காலத்துத் துளசி ஒன்று, கஞ்சி ஊட்டும் துளசி ஒன்று. அப்படியும் இருக்குமா என்று அவளுக்கே நிச்சயமில்லை. ஆனாலும் அந்த வீட்டில் அப்போது எல்லாருக்கும் அது பிடித்திருந்தது.

*

மதியத்துக்குள் புதிய ஏற்பாடு தயாரானது. இனி ஒரு வாக்கியம் உருவானால் முதலில் கட்டிலுக்கு எதிரே இருக்கும் திரையில் எழுத்தாக வரும். அவர் ஒருமுறை இமை மூடினால்தான் ஒலிபெருக்கி சொல்லும். இரண்டு முறை மூடினால் அழிந்துவிடும். எழுத்து யாருக்கும் தெரியாதபடி திரையை அவர் கண்ணுக்கு மட்டும் தெரியுமாறு திருப்பி வைத்தாள் ஃபர்ஸானா. களத்தில் கத்தும் சத்தத்தையும் குறைத்தாள்.

வெகுநேரம் அவர் இமைகள் இரண்டிரண்டாக மூடித் திறந்துகொண்டே இருந்தன. எத்தனை வாக்கியங்களை அழித்தாரோ யாருக்கும் தெரியாது. மிருதுளா கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். கடைசியில் ஒரு முறை மட்டும் மூடினார்.

“பையனுக்குப் போன் போடு கண்ணு. நாள் பாக்கச் சொல்லு.”

“நீங்க நேத்து நெனைச்சது?” என்றாள் மிருதுளா.

இமைகள் இரண்டு முறை, மறுபடி இரண்டு முறை. பிறகு ஒன்று.

“அது எனக்கு. இது உனக்கு.”

மிருதுளா அவர் பாதங்களைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அவள் பேசுவது உள்ளே கேட்டது. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு விடாமல்.

பெயர் பிரச்சினைதான் பாக்கி. ஒரு பெயரில் ஒருவர்தான் இருக்க முடியும். ஃபர்ஸானா இரண்டு கோப்புகளையும் அவருக்குக் காட்டினாள். “அண்ணா, இதுல எது துளசிங்கற பேர வெச்சுக்கட்டும்? இதா?” முதல் கோப்பைக் காட்டியதும் அவர் உடனே இமை மூடினார்.

துளசிமணி முகம் கொஞ்சம் சுருங்கியது. “அந்தக் காலத்து நாந்தான் வேணுமாட்டிருக்குது” என்று முணுமுணுத்தாள்.

“இந்த ரெண்டாவதுக்கு வேற பேர் வேணும்ணா. நீங்களே சொல்லுங்க.”

திரையில் என்ன வந்ததோ, அவர் இமை மூடினார். “இந்தம்மா” என்றது ஒலிபெருக்கி.

இந்தம்மா. ஃபர்ஸானா அப்படியே பதிந்தாள். ஏதோ செல்லப் பெயர் என்று நினைத்தாள். துளசிமணிக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும், வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். மாற்றத்தைச் சேமித்து ஃபர்ஸானா நிரலை மறுபடி ஓடவிட்டாள். இத்தனை மாதங்களாக அந்தப் பெயரில் முட்டிக்கொண்டு நின்ற வாக்கியங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவர் திரைக்கு வரத் தொடங்கியிருக்க வேண்டும். நாகமாணிக்கத்தின் கண்கள் வரிவரியாக ஓடின. அவர் எதையும் அழிக்கவில்லை. எதையும் அனுப்பவும் இல்லை. படித்துக்கொண்டே இருந்தார்.

பிறகு கண்களைத் திருப்பித் துளசிமணியைப் பார்த்தார். இமை ஒருமுறை மூடித் திறந்தது.

“ஏனுங்கம்மா, கேக்கோணும்னு ரொம்ப நாளா நெனைச்சுட்டிருந்தேன். இத்தன நாளா இங்கயே இருந்து எல்லாம் பாக்கறீங்களே. உங்க ஊட்ல உங்களத் தேட மாட்டாங்களா?”

ஃபர்ஸானாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. யாரைக் கேட்கிறார்? அறையில் வேறு யாரும் இல்லை. கேட்டது அதே வர்ணனைக் குரல்தான், ஆனால் அதில் இருந்த மரியாதை அவளுக்குப் புதிது. துளசிமணிக்கும் புதிதாகத்தான் இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அவள் ‘ஏய்’ என்பதையும் ‘நீ’ என்பதையும் தவிர வேறு கேட்டதில்லை.

அவர் கண்களில் விளையாட்டு இல்லை. உண்மையாகவே கேட்கிறார். அடைத்துக்கொண்ட ரத்தம் உள்ளே எதையோ அறுத்துவிட்டிருக்கிறது. முகம் தெரிகிறது, பெயர் தெரிகிறது, ஆனால் இவள்தான் அவள் என்பது மட்டும், காலையில் காதுபடப் பேசிச் சிரித்த பிறகும், ஒட்டவில்லை. வீட்டில் எல்லாரும் துளசி என்று கூப்பிடும் யாரோ ஒரு நல்ல பெண்மணி தன்னைத் தினமும் பார்த்துக்கொள்கிறாள் என்று இத்தனை நாளும் அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். என்றைக்காவது இவளும் கிளம்பிவிடுவாள் என்று பயந்திருக்கிறார்.

“அண்ணா, இவங்க—” என்று ஃபர்ஸானா தொடங்கினாள்.

துளசிமணி அவள் தோளில் கைவைத்தாள். ஃபர்ஸானா நிறுத்திக்கொண்டாள். கோப்புகள் இரண்டையும் ஒன்றாக்கிவிட அவளால் முடியும், அது சில வரிகள்தான். ஆனால் யாருடைய சம்மதத்தின்பேரில்?

துளசிமணி நாற்காலியை அவர் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என்ன சொல்வது என்று தெரியாமல் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார் நாகமாணிக்கம். அவள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் குறுக்கே ஒரு வார்த்தை விழவில்லை.

“தேடீட்டுத்தானுங்க இருக்காரு” என்றாள் அவள்.

நாகமாணிக்கம் அதை யோசித்தார். திரையில் ஏதோ வந்தது, அழித்தார். இன்னொன்று வந்தது. இமைகளை மெல்ல ஒருமுறை மூடினார்.

“பாவமுங்க அவரு.”